வளவுக்குள் கொட்டில் போடலாமா என்று கேட்கிறார்கள்: யூதர்களின் சுக்கோத் பண்டிகை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாசுகி, தெகிவளை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டோடு ஒட்டியிருக்கும் அனெக்ஸை வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்குக் கிழமைக் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கிறோம். வருகிற ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னில் இருந்து ஒரு யூதக் குடும்பம் வருகிறது. தாத்தா, பாட்டி, மகள், மருமகன், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நேற்று மருமகன் கோல் எடுத்தார். வளவுக்குள் ஒரு சின்னக் கொட்டில் போட்டுக்கொள்ளலாமா, செலவைத் தாங்களே தருகிறோம், ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்தான் என்றார். கார் நிறுத்துகிற இடத்தில் தகரக் கூரை இருக்கிறதே, சுற்றிவரத் துணி கட்டினால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். தகரம் கூடாது, ஓலை மாதிரி ஏதாவது வேண்டும், மாமரத்துக்குக் கீழேயும் கூடாது, கூரைக்கு மேலே வானம்தான் இருக்க வேண்டும் என்றார். பண்டிகைக்குப் பெயர் சுக்கோத், பழைய காலத்தில் எருசலேமுக்கு யாத்திரை போகிற மூன்று பண்டிகைகளில் ஒன்று என்றும் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "நல்ல வீடு இருக்க ஏன் முற்றத்திலை இருந்து சாப்பிடுகினம், ஏதும் துடக்கோ?" என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் வாசலில் திடீரென்று பந்தல் எழும்பினால் செத்தவீடு என்றுதான் ஒழுங்கை முழுக்க நினைக்கும், அந்தப் பயமும் அவருக்கு இருக்கிறது. நான் சம்மதம் சொல்லிவிட்டேன். ஆனால் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று தெரியாமல் ஒருவருடைய பண்டிகைக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை, தெரியாத்தனத்தால் ஏதாவது பிழை விட்டுவிடுவேனோ என்றும் இருக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

மாஸ்டர், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள், துக்கமும் இல்லை, துடக்கும் இல்லை. யூதர்களின் பண்டிகைகளில் சந்தோசத்துக்கென்றே வைத்தது இது. அவர்களுடைய ஜெபங்களில் இந்த நாட்களுக்கு "எங்கள் மகிழ்ச்சியின் காலம்" என்றுதான் பெயர்.

நான் ஞாயிறு பாடசாலையில் 30 வருடத்துக்கு மேல் படிப்பித்தவன். எங்கள் தமிழ் வேதாகமத்தில் இது "கூடாரப்பண்டிகை". அந்தச் சொல்லை வாசித்த பிள்ளைகள் எல்லோரும் துணிக் கூடாரத்தைத்தான் படமாகக் கீறுவார்கள். நானும் கனகாலம் அதைத் திருத்தவில்லை, எனக்கே விளங்கியிருக்கவில்லை. எபிரேயத்தில் அது சுக்கா, பன்மையில் சுக்கோத். ஏசாயா முதலாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக் காவல் குடிசைக்கும் அதே சொல்தான் வருகிறது. கம்பு நட்டு, இலை தழை போட்டு வேய்ந்து, அறுவடை முடிந்ததும் பிரித்துவிடுகிற ஒன்று. நீங்கள் கொட்டில் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல் கூடாரத்தைவிடப் பொருத்தம்.

ஏன் கொட்டில் என்பதற்கு லேவியராகமம் 23இல் காரணம் இருக்கிறது. எகிப்தில் இருந்து வெளியே கொண்டுவந்தபோது இஸ்ரவேலரைக் கொட்டில்களில் குடியிருக்கச் செய்தேன், அதை உங்கள் சந்ததி அறிய வேண்டும் என்கிறார் கடவுள். அவை உண்மையான கொட்டில்களா, அல்லது வனாந்தரத்தில் அவர்களைச் சூழ்ந்து நிழல் தந்த மகிமையின் மேகங்களா என்று பழைய ரபிமார் (யூத வேத ஆசிரியர்கள்) இரண்டு பேர் வாதாடியதும் தல்மூத் என்கிற அவர்களுடைய பழைய விளக்கத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்த விசயம்.

இரண்டாவது காரணம் அறுவடை. பஸ்கா வாற்கோதுமை அறுக்கிற காலம், அதற்கு ஏழு கிழமை கழித்து வருகிற வாரங்களின் பண்டிகை கோதுமை அறுக்கிற காலம், சுக்கோத் என்றால் களத்து வேலையும் திராட்சை ஆலை வேலையும் முடிந்து எல்லாம் வீடு வந்து சேர்ந்த காலம். இந்த மூன்றுக்கும் ஆண்கள் எல்லோரும் கர்த்தருடைய சந்நிதிக்குப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது என்று உபாகமம் 16 சொல்கிறது. இதைத் தைப்பொங்கலோடு சேர்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓரளவுக்குச் சரிதான். ஆனால் இங்கே களஞ்சியம் நிறைந்து, உட்கார்ந்து அனுபவிக்கலாம் என்கிற நேரத்தில்தான் வீட்டை விட்டு வெளியே வந்து ஓலைக்குக் கீழே இரு என்று கட்டளை வருகிறது. நன்றாக விளைந்த வருடத்திலும், ஒரு காலத்தில் எங்களுக்கு வீடே இருக்கவில்லை என்று ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் பிள்ளைக்குக் காட்டியாக வேண்டும்.

அதே அதிகாரத்தில் யார் யாரோடு சந்தோசமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன் (ஆலய ஊழியம் செய்கிற குலத்தவன்), பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. அதனால் தங்கச்சி, உங்களையும் அம்மாவையும் அந்தக் கொட்டிலுக்குள் கூப்பிடுவார்கள் என்று எதிர்பாருங்கள்.

ஹென்டன்காரன்

நான் லண்டன் ஹென்டனில் 19 வருடம் இருந்துவிட்டு இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீடு யூதர்கள். மாஸ்டர் ஐயா அர்த்தம் சொல்லிவிட்டார், நான் கொட்டிலைப் பற்றி எழுதுகிறேன், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஐந்தாறு முறை கட்டியிருக்கிறேன்.

சுவர் எதிலும் இருக்கலாம், பலகை, துணி, தகரம்கூட. ஆனால் சாதாரணக் காற்றுக்கு நிற்க வேண்டும், துணி என்றால் படபடவென்று அடிக்காமல் இறுக்கிக் கட்ட வேண்டும். முழுதாக நான்கு சுவர் தேவையில்லை, இரண்டும் மூன்றாவதில் கொஞ்சமும் இருந்தால் சட்டப்படி போதும். உயரம் மூன்று அடிக்குக் குறையக்கூடாது, முப்பது அடிக்கு மேலே போகக்கூடாது. கண்டிப்பெல்லாம் கூரையில்தான். நிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும், வெட்டியதாக இருக்க வேண்டும். மாமரம் கூடாது என்றது அதனால்தான். அது இன்னும் மண்ணோடு சேர்ந்து உயிரோடு நிற்கிறது, கொட்டிலின் நிழல் மரத்தின் நிழலாகப் போய்விடும். தகரம் விளைவது இல்லை. உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும், ஆனால் இரவில் ஓலை இடுக்கால் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது.

இப்போது உங்களுக்குத் தேவையான விசயம். மிஷ்னா என்கிற அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பில் பாய் பற்றி ஒரு விதி உண்டு. படுக்க என்று பின்னிய பாயைக் கூரையாகப் போடக்கூடாது, கூரைக்கென்றே பின்னியது என்றால் போடலாம். அப்படிப் பார்த்தால் நம்முடைய கிடுகு வேய்வதற்கென்றே முடைவது, அளவாகப் பொருந்துகிறது. ஆனாலும் முடிவைத் தாத்தாவிடம் விடுங்கள். மழை ஒரு சொட்டும் இறங்காத மாதிரி நெருக்கி வேய்வதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர் வெறும் தென்னோலையே போதும் என்றும் சொல்லலாம். நீங்கள் ஆள் வைத்துச் சட்டத்தையும் சுவரையும் முடித்து வையுங்கள், மூங்கில், கயிறு போதும். ஓலையை மட்டும் அடுக்கி வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். சுவர் முதலில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கூரை, அந்தக் கூரையும் நிழலுக்காக என்று நினைத்துப் போட்டதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே கிடந்தது சரிவராது. அவர்கள் கையால் போட்டால் ஒரு சந்தேகமும் வராது, பிள்ளைகளுக்கும் அதுதான் பண்டிகையே.

பண்டிகை யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள், முழு நிலவில் தொடங்கும். இந்த வருடம், 2025இல், அது ஒக்டோபர் 6 திங்கள் பின்னேரம், நமக்கு வப் போயா, பௌர்ணமி விடுமுறை. அன்று வேலைக்கு ஆள் பிடிக்க முடியாது, அதற்கு முதலே சட்டத்தை முடித்துவிடுங்கள். முதல் இரண்டு நாளும், இடையில் வருகிற சனிக்கிழமையும், ஏழு நாள் முடிய வருகிற இரண்டு பண்டிகை நாளும் அவர்கள் சுவிச்சைத் தொட மாட்டார்கள். கொட்டிலுக்குள் ஒரு பல்ப் இழுத்து, திங்கள் சூரியன் மறைய முன் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். சமையல் அவர்கள் தங்கள் பாத்திரத்தில் செய்வார்கள், அன்பாக வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார்கள். முழுப் பழமாகக் கொடுங்கள், சந்தோசமாக எடுப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. மொன்றியலில் ஒரு தொடர்மாடியில் பல்கனியில் சுக்கா போடக்கூடாது என்று நிர்வாகம் தடுத்து, அது கனடா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2004இல் அங்கே குடியிருந்த யூதர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒழுங்கையில் ஒரு வார்த்தை முதலே சொல்லி வையுங்கள், போதும்.

நானா, தெமட்டகொட

சகோதரி, நல்ல கேள்வி. ஒரு சின்ன விசயம் மட்டும் சேர்க்கிறேன். யாத்திரைப் பண்டிகை என்பதற்கு எபிரேயத்தில் ஹக் என்று சொல்வார்கள். அது நம்முடைய ஹஜ் என்ற அரபுச் சொல்லின் உடன்பிறப்பு, ஒரே வேர். மூன்று யாத்திரைப் பண்டிகைகளையும் சேர்த்து ஷலோஷ் ரெகாலிம் என்பார்கள், அதில் ரெகெல் என்றால் கால், அரபியில் ரிஜ்ல் என்பதும் அதுதான். நடந்து போகிற பண்டிகை என்று அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் சுக்கோத்தின் ஏழாம் நாள் ஆற்றலரி (வில்லோ) மரக் கிளையோடு எருசலேம் ஆலயத்துப் பலிபீடத்தை ஏழு முறை சுற்றுவார்கள் என்று மிஷ்னாவில் இருக்கிறது, இப்போது ஜெப ஆலயத்தில் வேதச் சுருளை நடுவில் வைத்துச் சுற்றுகிறார்கள். உம்ராவுக்குப் போய் கஃபாவை ஏழு முறை சுற்றியவன் என்ற முறையில், இதை முதல் தடவை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாசுகி, தெகிவளை

மாஸ்டர் ஐயா, அண்ணா, நானா, மூன்று பேருக்கும் நன்றி. கிடுகுக்குச் சொல்லியாயிற்று. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "வனாந்தரத்திலை இருந்த கொட்டில்" என்ற இடத்தில் கொஞ்சம் பேசாமல் இருந்தார். நாங்கள் 90களில் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர்கள், இங்கே வந்து சேர முன்னம் ஓலைக் கொட்டிலில் மாதக் கணக்கில் இருந்திருக்கிறோம். நான் அப்போது சின்னப் பிள்ளை, எனக்கு அந்த ஓலையின் மணம் மட்டும்தான் ஞாபகம்.

ஆனால் அம்மா ஒரு கேள்வி கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை. யாத்திரைப் பண்டிகை என்றால் எருசலேமுக்கல்லவா போக வேண்டும், இவர்கள் ஏன் தெகிவளைக்கு வருகிறார்கள்?

கதிர்காமத்துக்கு நடந்தவன்

தங்கச்சி, அம்மாவின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில். நான் இரண்டு முறை மட்டக்களப்பில் இருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனவன், உகந்தையில் இருந்து குமண, யால காட்டுக்குள்ளால். அதனாலேயே உலகத்தில் எந்தச் சனம் எங்கே நடந்து போனாலும் தேடி வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்த யாத்திரையின் இலக்கு எருசலேம் ஆலயம். கிபி 70இல் உரோமர்கள் அதை இடித்தார்கள், திரும்பக் கட்டப்படவில்லை. போய்ச் சேருவதற்கு ஆலயம் இல்லை, பலியும் இல்லை. அதனால் போகிற கடமை நின்றுவிட்டது. கொட்டிலுக்கு ஆலயம் தேவையில்லை, அதை எங்கேயும் போடலாம். அதுதான் அவர்களோடு கூடவே நடந்து வந்து இப்போது உங்கள் வளவுக்கு வருகிறது.

ஆலயம் இருந்த காலத்தில் சுக்கோத் எப்படி நடந்தது என்று மிஷ்னா சொல்வதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் சீலோவாம் குளத்தில் பொன் குடத்தில் தண்ணீர் மொண்டு, எக்காளம் ஊதிக் கொண்டுவந்து, பலிபீடத்தில் வார்ப்பார்கள். இரவில் ஆலயத்துப் பெண்கள் முற்றத்தில் பெரிய பொன் விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். திரி எது தெரியுமா, ஆசாரியர்களின் பழைய, நைந்துபோன உடுப்புகளைக் கிழித்துத் திரித்தது. அந்த வெளிச்சம் படாத முற்றம் எருசலேமில் ஒன்றுகூட இருக்கவில்லையாம். பெரியவர்கள் தீவட்டி பிடித்து ஆடுவார்கள், லேவியர்கள் பதினைந்து படிகளில் யாழும் தாளமுமாக நின்று பாடுவார்கள். தண்ணீர் மொள்ளுகிற அந்தச் சந்தோசத்தைக் காணாதவன் வாழ்க்கையில் சந்தோசத்தையே காணாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாணிக்க கங்கையில் தீர்த்தம் முடிந்து சனம் தண்ணீருக்குள் இறங்குகிற காலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏன் தண்ணீர் என்றால், அங்கே கோடை முழுக்க மழையே கிடையாது. சுக்கோத் முடியத்தான் மழைக்காலம் தொடங்கும். அடுத்த வருடத்துத் தண்ணீருக்குத் தீர்ப்பு இந்தப் பண்டிகையில்தான் என்பது அவர்களின் நம்பிக்கை.

தூரத்தில் இருந்து வந்த சனத்துக்குத் தங்க இடமும் வேண்டுமே. எருசலேமில் 1913இல் தோண்டும்போது தெயோதோத்தோஸ் என்கிற ஆசாரியருடைய கிரேக்கக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வேதம் வாசிக்க ஜெப ஆலயம் கட்டினேன், வெளியூரில் இருந்து வருகிறவர்கள் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் செய்து வைத்தேன் என்று அதில் இருக்கிறது. நம்முடைய மடம்தான். ஒரு நாள் முழுக்க நடந்த காலோடு மடத்துத் திண்ணையில் இருந்து யாரோ முகம் தெரியாதவர் வார்த்த தண்ணீரைக் குடித்தவனுக்கு அந்தக் கல்வெட்டைக் கட்டிப்பிடிக்கத் தோன்றும்.

கடைசியாக ஒன்று, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது. ஏழு நாளும் முடிந்து வருகிற எட்டாம் நாள் மழைக்கான ஜெபம் சொல்வார்கள். ஆனால் மழையைத் தா என்று அன்றாட ஜெபத்தில் நேராகக் கேட்பதை உடனே தொடங்க மாட்டார்கள். பண்டிகை முடிந்து பதினைந்து நாள் பொறுப்பார்கள், ஹெஷ்வான் மாதம் 7ஆம் நாள் வரை. காரணத்தையும் மிஷ்னாவே சொல்கிறது. யாத்திரைக்கு வந்தவர்களில் கடைசி ஆள் ஐபிராத்து நதியைப் போய்ச் சேரட்டும் என்று. நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, எல்லோருக்கும் மழை வேண்டும், ஆனாலும் ஒருவன் இன்னும் பாதையில் நடந்துகொண்டிருக்கிறான், அவன் நனையக்கூடாது. காட்டுக்குள் கால் வெடித்துப் பின்னுக்கு விழுந்த ஒரு அம்மாவுக்காக எங்கள் கூட்டம் முழுதும் ஒரு மரத்தடியில் ஒரு பகல் காத்திருந்தது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, "சாமி வரட்டும்" என்று இருந்தோம். இதை வாசித்தபோது எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வந்தது. ஆலயம் போய் எவ்வளவோ நூற்றாண்டாகிவிட்டது, நடந்து போகிற யாத்திரிகன் இல்லை, ஆனால் இஸ்ரவேல் நாட்டில் இன்றைக்கும் அந்தப் பதினைந்து நாளும் காத்திருந்துதான் மழை கேட்கிறார்கள்.

மாஸ்டர், கொட்டாஞ்சேனை

தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். யோவான் 7இல் பண்டிகையின் கடைசி நாளில் இயேசு நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று சத்தமிட்டது இந்தத் தண்ணீர்ப் பண்டிகையில்தான். அந்தக் குடத்தை மனதில் வைக்காமல் வாசித்தால் அந்த வசனத்தின் பாதி போய்விடும்.

இன்னொன்று. எண்ணாகமம் 29இல் இந்த ஏழு நாளுக்கும் காளைகளின் கணக்கு உண்டு. முதல் நாள் 13, அடுத்த நாள் 12, இப்படிக் குறைந்து ஏழாம் நாள் 7, எல்லாம் கூட்டினால் 70. உலகத்தின் எழுபது இனங்களுக்காக என்று ரபிமார் சொன்னார்கள். அதற்குள் நாங்களும் அடக்கம் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஹென்டன்காரன்

இடம் மாறினாலும் போர் வந்தாலும் இவர்கள் இதை விடவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உரோமருக்கு எதிராக இரண்டாம் நூற்றாண்டில் கலகம் செய்த பார் கோக்பாவின் கடிதங்கள் சாக்கடல் பக்கம் ஒரு குகையில் 1960களின் தொடக்கத்தில் கிடைத்தன, யிகேல் யாதீன் என்ற தொல்லியலாளர் எடுத்தது. அவற்றில் ஒன்று சுக்கோத் சாமான் அனுப்பச் சொல்லி எழுதியது. பேரீச்சங் குருத்து, எத்ரோக் பழம், மற்ற இரண்டு கிளைகள். படைக்கு நடுவில் கழுதை அனுப்பி அதைக் கொண்டுவரச் சொல்கிறார்.

வாசுகி, அந்த நான்கையும் உங்கள் ஆட்கள் கையில் பார்ப்பீர்கள். எத்ரோக் பார்க்க மஞ்சள் நாரத்தங்காய் மாதிரி இருக்கும், தோல் தடிப்பு. தொட வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். நுனியில் ஒரு சின்னக் காம்பு நிற்கும், அது உடைந்தால் பழம் பழுது, அதற்காகப் பஞ்சு போல் நாரில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

வாசுகி, தெகிவளை

எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். அவர்கள் ஒக்டோபர் 16 போய்விட்டார்கள். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் எழுதினதற்கு மரியாதை இல்லை.

மூங்கில் சட்டமும் மூன்று பக்கத் துணியும் சனிக்கிழமையே முடிந்தது. தாத்தா வந்ததும் முதல் வேலையாகக் கிடுகைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எதற்குப் பின்னுகிறது என்று கேட்டார். வீடு வேய என்றேன். படுக்கப் பாவிப்பதில்லையா? இல்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, அண்ணா சொன்ன அதே விதியை அவரும் சொன்னார். நெருக்கமாக வேண்டாம் என்று இடைவெளி விட்டுப் போடச் சொன்னார். சின்னவன் ஏணியில் நின்று கடைசிக் கிடுகைத் தள்ளினான். போயாவன்று இரவு நிலவு ஓலை இடுக்கால் இறங்கி மேசைத் துணியில் கோடு கோடாகக் கிடந்தது.

கொட்டிலுக்குள் முதலில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளைக் கூப்பிடுகிறார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது, ஒவ்வொரு இரவுக்கும் ஒருவர் முதன்மை. அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள், மாஸ்டர் ஐயா சொன்ன மாதிரியே. அம்மா நல்ல சேலை உடுத்துக்கொண்டு ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தோடு போனார். பாட்டியும் அவரும் ஒருவர் பாசை ஒருவருக்குத் தெரியாமலே ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை தாத்தா அந்த நான்கையும் பிடிக்கிறதைப் பார்த்தேன். வலது கையில் பேரீச்சங் குருத்து, அதோடு சேர்த்துக் கட்டிய மூன்று மிர்டில் கிளை, இரண்டு ஆற்றலரிக் கிளை, இடது கையில் எத்ரோக். நான்கு திசை, மேல், கீழ் என்று ஆறு பக்கமும் மெல்ல ஆட்டினார், குருத்து சரசரவென்று மழைச் சத்தம் மாதிரி இருந்தது. மகள் அர்த்தம் சொன்னார். எத்ரோக்கில் சுவையும் மணமும் உண்டு, பேரீச்சையில் சுவை மட்டும், மிர்டிலில் மணம் மட்டும், ஆற்றலரியில் இரண்டுமே இல்லை. படிப்பும் நற்செயலும் உள்ள மனிதர்கள், ஒன்று மட்டும் உள்ளவர்கள், எதுவுமே இல்லாதவர்கள். நாலு பேரையும் சேர்த்துக் கட்டினால்தான் கணக்காம், ஒன்று குறைந்தாலும் செல்லாதாம். அம்மா அந்தச் சுவையும் மணமும் இல்லாத கிளையைத்தான் கனநேரம் பார்த்தார். எத்ரோக்கை என் கையில் தந்தார்கள். மணம் தேசிக்காய் மாதிரி இல்லை, அதைவிட ஆழம், பின்னேரம் வரை விரலில் இருந்தது.

மூன்றாம் இரவு மழை. ஒக்டோபர் மழை தெரியும்தானே, இடியோடு வந்தது. சூப் கிண்ணத்தில் பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. நான் குடையோடு ஓடினேன். அவர்கள் யாரும் எழும்பவில்லை, தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூழ் பழுதாகிற அளவுக்கு மழை வந்தால் உள்ளே போகலாம் என்று சட்டமாம். தாத்தா தன் கிண்ணத்தைப் பார்த்தார், கரண்டியால் ஒருமுறை கலக்கினார், பிறகு எழும்பினார். எல்லோரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் விறாந்தைக்கு வந்துவிட்டார்கள். பண்டிகை நாளில் பெய்கிற மழையை, எசமானுக்குக் கிண்ணம் வார்க்கப் போன வேலைக்காரனின் முகத்தில் எசமான் தண்ணீரை ஊற்றினது மாதிரி என்று பழைய ரபிமார் சொல்வார்களாம். அது இஸ்ரவேல் நாட்டுக் கணக்கு, இங்கே இது உங்கள் பருவமழை, இதைக் குறையாக எடுக்க முடியாது என்றார் தாத்தா. அரை மணித்தியாலத்தில் மழை விட்டது. மருமகன் வாங்கில்களைத் துடைத்தார், திரும்பப் போய் இருந்தார்கள்.

கதிர்காமத்து அண்ணா, நீங்கள் எழுதினதைத் தாத்தாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன், மரத்தடியில் காத்திருந்ததையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா கதிர்காமம் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எழுதுங்கள், அவருக்கு அனுப்ப வேண்டும்.

அவர்கள் போன அன்று பின்னேரமும் நல்ல மழை. கிடுகு இன்னும் பிரிக்கவில்லை, அம்மா விடவில்லை. விறாந்தையில் இருந்து அதில் தண்ணீர் வழிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டினதும் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஒருக்கா கேட்டுப் பார், அவையள் போய்ச் சேர்ந்திட்டினமோ?" என்றார்.

கதிர்காமத்துக்கு நடந்தவன்

சேர்ந்தார் தங்கச்சி. கொடியேற்றத்துக்கு முதல் நாள், எங்களுக்கு முன்னால் நடந்து. தாத்தாவுக்குச் சொல்லுங்கள்.